மேற்கு மூலையில் முப்பத்து மூன்று டிகிரி

எட்டாம் வகுப்பு முடியப்போகிற சமயத்தில் என் மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் அப்போது வாசலில் உட்கார்ந்து, சாயங்காலத் தீனிக்காக வெட்டிவந்த மல்பெரிக் குச்சிகளைக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இதுல ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ கையெழுத்துப் போடுங்க. சும்மா போடக் கூடாது. படிச்சிட்டுப் போடணுமாம்."

"எல்லாத்தையுமா?"

"ஆறு பக்கந்தான்ப்பா. நாளைக்கு மீட்டிங்குல ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கணும். கையெழுத்து இல்லாத பக்கத்தப் படிக்க வுட மாட்டேன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாவது வரைதான் உண்டு. ஒன்பதாவதுக்குப் பஸ் ஏறி வெளியே போக வேண்டும். அப்படி வெளியே போகிற பிள்ளைகளிடம் தலைமையாசிரியை ஒரு வேலை வாங்குவார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்தப் பாடத்தில் என்ன கற்றுக்கொண்டாய், பள்ளிக்கு வெளியே அது எங்கே உதவியது, இன்னும் புரியாதது என்ன. புத்தகத்தில் இருப்பதை எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளே எழுந்து படிப்பார்கள். ஊரே வந்து உட்கார்ந்து கேட்கும்.

நான் பத்தாவது வரை படித்தவன். அதற்குமேல் போகவில்லை. படித்த காலத்தில் கணக்கு நோட்டைத் திறந்தால் கணக்கு, மூடினால் முடிந்தது. அறிவியல் பீரியடில் சொன்னதைச் சமூக அறிவியல் பீரியடில் யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். என்ன கற்றுக்கொண்டாய் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நாலு பேர் நடுவில் எழுந்து நின்றால் எனக்கு முதுகில் வியர்க்கும். இன்றைக்கும் அப்படித்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன். முதல் பக்கம் தமிழ். நீளமாக எழுதிக்கொண்டே போனால் படிப்பவருக்கு மூச்சு வாங்கும், எனவே வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்தாள். தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சிக்கு அவள் எழுதிய கடிதத்தில் முதலில் இருபது வரிகள் இருந்தனவாம். ஆசிரியர் ஆறு வரியாகக் குறைக்கச் சொன்னாராம். விளக்கு இன்னும் எரியவில்லை, ஆனால் கடிதம் நன்றாக இருந்தது என்று முடித்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஆங்கிலப் பக்கத்தில் பாதிக்கு மேல் புரியாததைப் பற்றியே இருந்தது. புரிந்ததாக ஒரே ஒரு விஷயம். புழுவுக்குத் தூவுகிற மருந்துப் பவுடர் பாக்கெட்டின் பின்பக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள். பவுடர் தூவி அரை மணி நேரம் கழித்துத்தான் இலை போட வேண்டும் என்று அதில் இருந்ததாம். "எங்கள் அப்பா தூவிய உடனே இலை போடுவார். இப்போது கைப்பேசியில் அலாரம் வைக்கிறார்." உண்மைதான். அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

விளையாட்டுக்கும் ஒரு பக்கம். கோ-கோவில் உட்கார்ந்திருக்கும்போதும் கால் தயாராக இருக்க வேண்டும் என்று நாலே வரி. அதையும் தாண்டிக் கணக்குப் பக்கத்துக்கு வந்தபோதுதான் கொஞ்சம் நின்றேன்.

கணக்கில் அவள் பெரிய கெட்டிக்காரி இல்லை. அரையாண்டில் ஐம்பத்தெட்டு. ஆனால் இப்படி எழுதியிருந்தாள்: "சராசரி கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் புழு ஷெட்டில் ஏழு இடத்தில் சூட்டை அளந்து சராசரி போட்டேன். இருபத்தெட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பரவாயில்லை என்று நினைத்தேன். ஆனால் மேற்கு மூலையில் மேல் அடுக்கில் இருக்கும் புழு சராசரியில் வாழவில்லை. அது முப்பத்து மூன்றில் வாழ்கிறது. சராசரியை மட்டும் பார்த்தால் அந்தப் புழு தெரியாது."

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டு, அதன் பக்கத்தில் இன்னொரு டிக்கும் போட்டிருந்தார். இது என் பிள்ளை எழுதியதா என்று இருந்தது. அதே நேரத்தில், அடுத்த பக்கம் அறிவியல் என்பதும், அதில் என்ன இருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்துபோனது.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்னாகரம் ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பட்டுப்புழு வளர்க்கிறோம். இளம்புழுவாக வாங்கிவந்து, ஷெட்டில் அடுக்கு அடுக்காகப் போட்டு, மல்பெரி இலை கொடுத்து, கூடு கட்டியதும் தர்மபுரிக்கு விற்கக் கொண்டுபோவோம். புழு மிகவும் மென்மையானது. அதனால் ஷெட்டுக்குள் வெளியாட்கள் வரக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். வாசலிலேயே பிளீச்சிங் தண்ணீர் வைத்திருப்போம். வீட்டு ஆட்களும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். பூ, சென்ட், புகையிலை, கொசுவர்த்தி எதுவும் ஆகாது. பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து பார்வையிட வருகிற ஆபீஸரும் வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சூடும் ஈரமும் காட்டுகிற மீட்டரை எல்லோரும் நிலைக்குப் பக்கத்தில், வாசலில் இருந்தே தெரிகிற மாதிரி ஆணியடித்து மாட்டியிருப்போம். என் ஷெட்டிலும் அப்படித்தான். அது எப்போதும் இருபத்தாறு, இருபத்தேழு காட்டும். ஆபீஸர் தலையாட்டிவிட்டுப் போவார். நானும் அதைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மூன்று அடுக்காக இருந்த தாங்கிகளில் நாலாவதாக ஒரு அடுக்கு ஏற்றினேன். இடம் மிச்சமிருக்கிறதே, இன்னும் கொஞ்சம் புழு வைக்கலாம் என்ற ஆசைதான். அந்தப் பேட்ச் நடந்துகொண்டிருக்கும்போது என் அண்ணி ஒரு நாள் தன் தம்பி கல்யாணத்துப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். அண்ணி வீடு எங்கள் ஷெட்டுக்கு மேற்கே, வேலிக்கு அந்தப் பக்கம். அவர்கள் புழு வளர்ப்பதில்லை, மாடுதான். நானும் மனைவியும் உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தோம். தலை நிறைய மல்லிகைப் பூவும், கல்யாண வேலையில் போட்ட சென்ட்டுமாக அண்ணி நேராக ஷெட்டுக்குள் வந்துவிட்டார். சந்தோஷத்தில் வந்தவரை வெளியே போங்கள் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் மேற்கு மூலைப் புழுக்கள் தீனி எடுக்கவில்லை. கட்டிய கூடுகளும் மெலிதாக, விரலால் அமுக்கினால் உள்ளே போகிற மாதிரி இருந்தன. மற்ற இடத்தில் எல்லாம் நன்றாக இருந்தது. நான் பொதுவாகச் சத்தம் போடாதவன். அன்றைக்கு மனைவியிடம், வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்கு, "பூவும் சென்ட்டுமா உள்ள வந்தா புழு என்னாத்துக்கு ஆவும்?" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி அப்போது வேலியோரம் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வரவில்லை. என் மகளும் மனைவியும் அங்கே போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். அண்ணனும் வருவார். அண்ணியும் நானும் மட்டும் பேசவில்லை. நான் எப்போதுமே குறைவாகப் பேசுகிறவன் என்பதால் ஊரில் யாருக்கும் அது சண்டையாகத் தெரியவில்லை.

நான் அதோடும் நிற்கவில்லை. அந்த வீட்டுப் புகையும் மணமும் உள்ளே வரக் கூடாது என்று மேற்குச் சுவரில் இருந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு பேட்ச்சிலும் அந்த மூலை மோசமாகவே போனது. அந்த வீட்டுக் கண்தான் என்று இன்னும் உறுதியாக நம்பினேன்.

இந்த வருடம் பொங்கல் கழிந்ததும் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு வாரம் சூட்டை அளந்து அட்டவணை போட வேண்டும். என் மகள் வாசல் மீட்டரைப் பார்த்து ஏழு நாளும் இருபத்தாறு, இருபத்தேழு என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். அறிவியல் ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்து, "ஒரே இடத்துல ஏழு நாள் பாத்தா என்னாம்மா தெரியும்? ஏழு இடத்துல பாரு" என்று சொல்லி, பஞ்சு சுற்றிய ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை அட்டைக் குழலில் வைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டுக்குள் போனாள். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். மேல் அடுக்குக்கு ஸ்டூல் போட்டு ஏறினாள். வெளியே வந்து சொன்னாள்.

"அப்பா, வாசல்ல இருவத்தேழு. மேற்கு மூல மேல முப்பத்தி மூணு."

"பள்ளிக்கூடத்துத் தெர்மாமீட்டரு ரிப்பேரா இருக்கும்."

அவள் போய் வாசல் மீட்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே பள்ளித் தெர்மாமீட்டரையும் நூல் கட்டித் தொங்கவிட்டாள். அரை மணி நேரம் காவல் இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். இரண்டும் இருபத்தேழு. அப்புறம் இரண்டையும் கழற்றிக்கொண்டுபோய் மேற்கு மூலையில் மேல் அடுக்கில் வைத்தாள். இரண்டும் முப்பத்து மூன்று.

இப்படிச் செய்து பார்க்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். "ஒண்ணு பொய் சொல்லுதுன்னா ரெண்டையும் ஒரே எடத்துல நிக்க வெச்சிப் பாக்கணும்ல?" என்று சாதாரணமாகச் சொன்னாள். இத்தனை வருடத்தில் அந்த மீட்டரை ஒரு தடவைகூட ஆணியிலிருந்து நான் கழற்றியதில்லை. என்னை மாதிரியே ஊரில் யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஜன்னல் செங்கலை எடுத்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நாலு நாள் ஆனது. நாலு நாளும் அவள் அம்மா மத்தியானத்தில் ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்து எண் சொல்ல, இவள் பள்ளியிலிருந்து வந்து அட்டவணையை நிரப்பினாள். முப்பத்து மூன்று, முப்பத்து நாலு, முப்பத்து மூன்று, மறுபடியும் முப்பத்து மூன்று. பிறகுதான் ஜன்னலைத் திறந்தேன். அந்தப் பக்கத்து நாலாவது அடுக்கைக் கழற்றினேன். கூரை மேல் தென்னை ஓலை போட்டேன். மனைவி என்ன என்று கேட்டதற்கு, "வெய்ய காலம் வருது, காத்து வரட்டும்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த பேட்ச்சில் மேற்கு மூலைக் கூடுகள் கூழாங்கல் மாதிரி கெட்டியாக வந்தன. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அண்ணியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இப்போது அறிவியல் பக்கம் என் கையில் இருந்தது. அதற்கு அடுத்த சமூக அறிவியல் பக்கத்தில், வரைபடம் போடக் கற்றதை எழுதி, எங்கள் ஷெட்டையே வடக்கு மேலே வைத்து வரைந்திருந்தாள். மேற்குச் சுவரில் அடைத்த ஜன்னலைக் கறுப்பாகத் தீட்டியிருந்தாள். எதிரே பெரியம்மா வீடு. அறிவியல் பக்கம் இப்படிப் போனது:

"சூடான காற்று மேலே போகும் என்று ஏழாவதிலேயே படித்தேன். அப்போது மனப்பாடம் செய்தேன். இந்த வருடம்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் ஷெட்டில் மேற்கு மூலைப் புழு கெட்டுப்போனதற்குப் பெரியம்மா பூ வைத்துக்கொண்டு உள்ளே வந்தது காரணம் என்று எங்கள் அப்பா நினைத்தார். நாலாவது அடுக்கும் வெயிலும்தான் காரணம். ஜன்னலை அடைத்ததால் இன்னும் அதிகமானது. ஒரு தவறு நடந்தால் முதலில் ஆளைத் தேடுகிறோம். அறிவியலில் காரணத்தைத் தேடச் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் புரியாதது: காரணம் தெரிந்த பிறகும் பெரியம்மாவும் அப்பாவும் ஏன் பேசுவதில்லை?"

அதற்குக் கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தாள்.

"நாளைக்கு எந்தப் பக்கம் படிக்கப் போற?" என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன்.

"இதுதான்ப்பா. டீச்சரும் இதத்தான் படிக்கச் சொன்னாங்க."

"தமிழ்ப் பக்கம் நல்லா இருக்குதே. தெருவெளக்கு."

"அது நல்லாத்தான் இருக்குது. ஆனா அதுல நான் ஒண்ணும் கண்டுபுடிக்கலியே."

"பெரியம்மா இருப்பாங்க பாப்பா."

"இருப்பாங்க. அவங்கதான தலைவி."

அண்ணியின் மகன் ஆறாவது படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அண்ணிதான் தலைவி. கூட்டத்தில் முன்னால் நாற்காலியில் உட்காருவார். நான் கடைசியில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன்.

என் மகள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். "பெரியம்மாவ பத்தி இருக்கறத மட்டும் அடிச்சிடட்டுமா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அதை அடித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மிச்சம் இருப்பது ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற ஒரு வரிதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அடிக்க வேணாம். காலையில போட்டுத் தரேன்" என்றேன்.

அவள் ஊர் முன்னால் படிப்பதற்கு முன் நானே போய் அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. என் பிள்ளை வாயால் அவர் அதைக் கேட்கக் கூடாது. குச்சிகளை அடுக்கிவிட்டு வேலியோரம் போனேன். அண்ணி தொட்டியில் மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

"அண்ணன் இல்லீங்களா?" என்றேன்.

"தோட்டத்துக்குப் போயிருக்காங்க" என்று மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

"சரிங்க" என்று திரும்பி வந்துவிட்டேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "இதுக்கா வேலி வரைக்கும் போனீங்க? அண்ணன் தோட்டத்துல நிக்கறது இங்கிருந்தே தெரியுதே" என்றாள். அவளும் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

காலையில் இலை போட்டுவிட்டு வந்ததும் பேனாவை எடுத்தேன். மற்ற பக்கங்களில் சுருக்கமாகக் கையெழுத்துப் போட்டிருந்த நான், அறிவியல் பக்கத்தில் மட்டும் முழுப் பேரையும் எழுதி, அதற்கு மேல் "படித்தேன், உண்மை" என்று இரண்டு வார்த்தை சேர்த்தேன். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். சடையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஓடினாள். தெருமுனை வரை ஓடிக்கொண்டே போனாள்.

கூட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு. வேப்பமரத்து நிழலில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். புழு வளர்க்கிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், அந்த நேரம் தீனிக்கு இடைவெளி என்பதால். என் மகளுக்கு முன்னால் மூன்று பேர் படித்தார்கள். ஒரு பையன் ஆங்கிலப் பக்கத்தை ஆங்கிலத்திலேயே படித்து, நடுவில் மூச்சு முட்டி நின்று, "மிச்சம் டீச்சர்கிட்ட குடுத்துட்டேன்" என்று உட்கார்ந்தான். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

என் மகள் எழுந்து நின்றாள். என்னை மாதிரி நெளியவில்லை. நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதலில் கணக்குப் பக்கத்தின் அந்தச் சராசரி வரிகளைச் சொன்னாள், பிறகு அறிவியல் பக்கத்தைப் படித்தாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். பெரியம்மா என்ற வார்த்தை வந்ததும் நாலைந்து தலைகள் முன்னால் இருந்த நாற்காலியைப் பார்த்தன. அப்புறம் திரும்பி என்னைத் தேடின. நான் டிரம்மைப் பிடித்துக்கொண்டேன். கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்தார்கள்.

கீழத் தெருக்காரர் ஒருவர்தான் முதலில் பேசினார். "என்னாப்பா, பெத்த புள்ளயே புடிச்சிக் குடுத்துட்டா!"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அண்ணி நாற்காலியில் அசையாமல் இருப்பது தெரிந்தது. இப்போது பேசாவிட்டால் இனிமேல் எப்போதும் பேச முடியாது என்று தோன்றியது. டிரம்மை விட்டேன்.

"அவ படிச்சது நெசந்தானுங்க" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னேன். "நெசந்தானுங்க. நாலாவது அடுக்கு நான் போட்டது. ஜன்னல நான் அடச்சது. மீட்டரு வாசல்ல மாட்டுனதும் நான்தான். அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்னது தப்பு." இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. வரவில்லை. "பாப்பா கண்டுபுடிச்சா" என்று மட்டும் சொன்னேன்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். "ரெண்டு வருசம்" என்றார். "ரெண்டு வருசமா உங்க ஷெட்டு வழியா தண்ணிக்குப் போனா தலப் பூவக் கழட்டி இடுப்புல சொருவிக்கிட்டுப் போயிருக்கறேன் தம்பி. மெய்யாலுமே நம்மளாலதானோன்னு நானே நம்பிட்டேன்."

நான் சொன்ன ஒரு வார்த்தையை அவர் எத்தனை நாள் சுமந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. என் மகள் எழுதாமல் விட்டிருந்தால் இன்னும் சுமந்திருப்பார்.

அண்ணியே சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எட்டாங் கிளாஸு புள்ள சொல்லித்தான் எனக்கு விடுதல கெடச்சிருக்குது. தலைவிங்கற முறையில சொல்றேன், எல்லாரும் கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள். தலைமையாசிரியைகூடத் தட்டினார்.

கூட்டம் முடிந்ததும் புழு வளர்க்கிறவர்கள் என் மகளைச் சுற்றிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் வரவில்லை. நேராக அவளிடம்தான் போனார்கள்.

"பாப்பா, எங்கூட்டுலயும் மீட்டரு வாசல்லதான் கெடக்குது."

"எங்களுது கெழக்கு மூல கெடுதும்மா, அது எதனால?"

"அளந்து பாக்காம எப்படிங்க மாமா சொல்றது?" என்றாள் என் மகள். "உள்ள வர வுடுவீங்களா?"

"கால நனச்சிட்டு வா. உன்ன யாரு தடுக்கறாங்க!"

வெளியாட்கள் நுழையக் கூடாத ஊரில், அந்தக் கோடை முழுக்க ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் பதினோரு ஷெட்டுகள் திறந்தன. அந்தத் தெர்மாமீட்டரை விடுமுறை முடியும் வரை வைத்துக்கொள்ளச் சொல்லி ஆசிரியர் கொடுத்துவிட்டார். இரண்டு ஷெட்டில் சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது. அங்கே புழு கெட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை என்று அவர்களிடமே சொல்லிவிட்டு வந்தாள். தெரியவில்லை என்று சொல்ல அவளுக்குக் கூச்சமே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு, கண்டுபிடித்ததைவிடப் பெருமையாக இருந்தது.

கூட்டத்தன்று வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணி எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். கொஞ்சம் மெதுவாக நடந்தார். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

"ஒம்போதாவது எங்க சேக்கப் போற?" என்று கேட்டார்.

"நல்லம்பள்ளியா, தர்மபுரியான்னு யோசிக்கிறேன் அண்ணி. பஸ்ஸு எது நேரத்துக்கு வருதோ அதுல."

"தர்மபுரியில சேரு. லேப்பு பெருசா இருக்குமாம். எங்க தம்பி சொன்னான்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார். "கணக்குல எவ்ளோ வாங்குனா?"

"அம்பத்தெட்டுங்க."

"அம்பத்தெட்டா? இவ்ளோ பேசறா!"

"ஆமாங்க" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீடு வரும்வரை, எந்த பஸ், மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன கட்டிக் கொடுப்பது, சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று பேசிக்கொண்டே வந்தோம். அதிகம் பேசியது நான்தான்.